பதினோராம் மாடியில் யாரும் பட்டினி கிடக்கவில்லை

1

சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து கோவிந்தராஜ் தொலைபேசியில் அழைத்தான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். பழைய மாணவர்களுக்கான இந்த மலரை வாசிப்போர் பலரும் அவனை அறிவர். நலம் விசாரித்துவிட்டுச் செய்திக்கு வரும் வழக்கம் அவனுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"ஏன்டா, உம் புள்ள உன்ன அடிக்கிறானாமே?" என்றான்.

"யார் சொன்னது?"

"நம்ம குரூப்புல வந்துச்சு. கவிதையா வந்துச்சு. எம் பொண்டாட்டி படிச்சிட்டு அழுதுட்டா."

"கவிதையில் வந்தால் அது நடந்ததாகிவிடுமா?"

"ஒருத்தர் எழுதியிருந்தா நானும் வுட்டிருப்பேன். அஞ்சாறு பேரு எழுதியிருக்காங்களேடா. அத்தினி பேருமா பொய் சொல்வாங்க?" என்றவன், சற்றுக் குரலைத் தாழ்த்தி, "இதோ பாரு, வெக்கப்படாத. பஸ் ஏறி வந்துடு. மேல ரூமு காலியாத்தான் கீது. எங்க வூட்ல ரெண்டு பேருக்கு ஆக்கற சோத்துல ஒனக்கும் இருக்கும்" என்றான்.

அவன் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவ்வழைப்பு முடிந்தபின் கைப்பேசியை மேசைமீது ஓங்கி வைத்தேன். முதுமையில் கை தவறியது என்று எவரும் எண்ண வேண்டாம். அது சினம்.

ஆண்டுதோறும் இம்மலருக்குப் பெங்களூர் வாழ்வைப் பற்றி நான் குறிப்புகள் அனுப்பி வருகிறேன். இங்கு மழை எப்படிப் பெய்கிறது, தேவாலயத்தில் தமிழ் ஆராதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது போன்ற சாதுவான செய்திகள். இம்முறை அனுப்புவது ஒரு மறுப்பு. என் மகன் அருளின் பெயர், அவன் வாசிக்க அறியாத மொழியில், அவன் பார்த்தேயிராத ஊர்களில் கெட்டுப்போயிருக்கிறது. அதைத் துடைப்பதற்கு அவனால் இயலாது. அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆகவே நான் எழுதுகிறேன்.

2

புலம்பெயர்ந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்குச் சற்றுக் கூச்சம் உண்டு. நான் கடல் கடக்கவில்லை. ஜோலார்பேட்டையில் ரயிலேறிப் பெங்களூர்க் கன்டோன்மென்ட்டில் இறங்கியவன். ஆயினும் எழுத்து மாறிய இடத்தில் ஊரும் மாறிவிடுகிறது. இங்குள்ள அலுவலகம் ஒன்றில் குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தபோது, முன்னெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். அன்றுமுதல் இவ்வூரின் அட்டைகள் அனைத்திலும் என் தந்தையின் பெயர் முன்னே நிற்கிறது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. வங்கியில் என் தந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் எழுந்து போவேன். அதைத் திருத்துவதற்கு எத்தனை சாளரங்களில் நின்றேன் என்பதை இங்கு விவரிக்கப் போவதில்லை. பெயர் என்பது ஒருவன் விழித்திருந்து காக்க வேண்டிய பொருள் என்பதை அந்தச் சாளரங்களில்தான் கற்றேன்.

பணிக்காலம் முழுதும் காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். தேவாலயத்தின் மணி கேட்கும் தொலைவில் ஓட்டு வீடு. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நாங்கள் நால்வர் எதிரிலிருந்த பேக்கரியில் கூடுவோம். அந்த வாரம் எழுதிய செய்யுளை ஆளுக்கொன்றாக வாசிப்போம். அவர்களில் ஸ்டீபன் என்பவர் பள்ளி ஆசிரியர். ஒருமுறை நான் இயற்றிய பன்னிரண்டு வெண்பாக்களையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பன்னைத் தேநீரில் நனைத்தபடி, "சார், தளை சுத்தமா இருக்கு. உசுருதான் எந்த வெண்பாவுல வெச்சீங்கன்னு தெரியல" என்றார். மூன்று வாரங்கள் நான் அவருடன் பேசவில்லை. நான்காம் வாரம் பதின்மூன்றாவது வெண்பாவுடன் போய் நின்றேன். கண்ணை மூடிக் கேட்டவர், "இதுல இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லை இன்றும் நான் பாராட்டிதழ்களுக்கு மேலாக வைத்திருக்கிறேன்.

ஸ்டீபன் இன்று இல்லை. மற்ற இருவரும் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டனர். என் துணைவியார் மறைந்தபின் காக்ஸ் டவுன் வீட்டைக் காலி செய்துகொண்டு வைட்ஃபீல்டில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தேன். பதினோராம் மாடி. வசதியில் ஒரு குறையும் இல்லை. காலையில் பூங்காவைச் சுற்றி நடை, பிறகு கஞ்சி, பிறகு செய்தித்தாள். மாலையில் பேத்தி பள்ளியிலிருந்து வந்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், தாயிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், வேலைக்கார அம்மாளிடம் கன்னடத்தில் பேசுவாள். தமிழில் அவளுக்குத் 'தாத்தா' தெரியும், 'போதும்' தெரியும். எஞ்சிய தமிழை நான் கைப்பேசியில் தேட வேண்டியதாயிற்று.

3

அவ்வாறு நான் சேர்ந்ததுதான் 'தோட்டநகர்ப் பாமன்றம்' என்னும் வாட்ஸ்ஆப் குழு. பெங்களூரிலும் ஓசூரிலும் வாழும் தமிழ்க் கவிதை ஆர்வலர்கள் கூடுமிடம். அதன் நிர்வாகி, தென்றல்நம்பி என்னும் புனைபெயர் கொண்டவர். பகலில் வாகனக் காப்பீட்டு முகவர்.

இக்குழுவில் கவிதை இடும் எவருக்கும் ஒரு நிமிடத்துக்குள் பாராட்டு வந்துவிடும். நீண்ட கவிதை எனினும் ஒரு நிமிடம்தான். 'அருமை', 'மிக அருமை', 'வலி மிகுந்த வரிகள்', கைதட்டும் படம், கைகூப்பும் படம். வந்த புதிதில் நான் ஒருவருக்கு, மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது என்று பணிவோடு எழுதினேன். உடனே நிர்வாகி தனிச்செய்தி அனுப்பினார்: "ஐயா, இது அன்பான குழு." அன்புக்கும் தளைக்கும் என்ன பகை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனினும் வாயை மூடிக்கொண்டேன். அங்கு ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே அங்கே இருந்தேன்.

அவ்வழக்கத்துக்கு 'மாலைத் தொடர்' என்று பெயர். மாலையில் ஒருவர் ஒரு கவிதையை இடுவார். அதன் கடைசிச் சொல்லை முதற்சொல்லாக வைத்து அடுத்தவர் பதிற்பா எழுத வேண்டும். அவர் முடித்த சொல்லில் மூன்றாமவர் தொடங்க வேண்டும். அந்தாதித் தொடைதான். அடுத்தவர் முந்திக்கொள்வதற்குள் இட்டாக வேண்டும் என்பதால், யோசிப்பதற்கு யாருக்கும் நேரம் இராது. சொல் இழுத்துச் சென்ற இடத்துக்கு எழுதுபவர் போவார். விளையாட்டாகப் பார்த்தால் நல்ல விளையாட்டு. நிலவில் தொடங்கிய தொடர் ஒருநாள் நெய்த்தோசையில் முடிந்தது, நானும் சிரித்தேன்.

4

எங்கள் குடியிருப்பின் வாயில் முறையை இங்கே விளக்கியாக வேண்டும். யாரேனும் ஒருவர் வீட்டுக்கு வந்தால், காவலாளி அவருடைய பெயரைக் கருவியில் பதிவார். வீட்டு உரிமையாளரின் கைப்பேசியில் மணி ஒலிக்கும். அவர் 'அனுமதி' என்பதை அழுத்தினால் வந்தவர் உள்ளே வரலாம். 'மறுப்பு' என்றால் திரும்ப வேண்டும். ஒன்றும் அழுத்தாவிட்டால் காத்திருந்து போக வேண்டும்.

சி பிளாக்கில் வங்காளப் பெரியவர் ஒருவர் மகளோடு வசிக்கிறார். பூங்காவில் நடக்கும்போது பழக்கம். அவரைப் பார்க்க அவருடைய பழைய நண்பர் நகரின் மறுகோடியிலிருந்து வாடகைக் காரில் வந்திருக்கிறார். மகள் அந்நேரம் விமானத்தில். கைப்பேசி அணைந்திருந்தது. நண்பர் வாயிலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெரியவர் இதை என்னிடம் ஆங்கிலத்தில் நகைச்சுவையாகச் சொன்னார். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. அன்று ஓர் அகவல் இயற்றினேன். 'மேல்மாடிக் கிழவன்' என்பது தலைப்பு.

வாயில் வந்தோர் வந்ததென் பொருட்டே;
ஆயினும் விடைதரல் அவன்கைப் பேசியே;
பதினோர் மாடிப் படிக்குமேல் இருந்து
மதில்புறம் நிற்கும் மனிதரைக் காண்பேன்;
என்முகம் காண வருவோர்
நின்றுதம் பெயர்சொலித் திரும்புவர் தாமே.

தன்மையில் எழுதியதற்குக் காரணம் உண்டு. படர்க்கையில் எழுதினால் அந்தப் பெரியவரைச் சுட்டிக் காட்டியதாகும். மேலும் 'நான்' என்று தொடங்கினால் ஒலி தானே இறங்கி வருகிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில் நான் கைம்பெண் ஒருத்தியின் புலம்பலாக ஒரு பாட்டு இயற்றி விடுதி நாள் விழாவில் வாசித்தது கோவிந்தராஜுக்கு நினைவிருக்கும். விடுதி மாணவர்கள் கண்கலங்கக் கேட்டார்கள். மறுநாள் எவரும் எனக்கு வெள்ளைச் சேலை வாங்கி வரவில்லை. பாட்டில் பேசுபவர் வேறு, பாடியவர் வேறு என்பதை அன்று பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள்.

இந்த அகவலை மாலைத் தொடரில் இட்டேன். 'தாமே' என்று முடித்திருந்தேன். நீலசந்திராவிலிருந்து எழுதும் மல்லிகா என்ற அம்மாள், பால்வாடியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், உடனே தொடர்ந்தார்:

தாமே உண்ணவும் கையில் வலுவில்லை,
தட்டில் சோறு போட ஆளும் இல்லை.

என் கிழவன் பசியால் வாடியதாக நான் எழுதவில்லை. ஆயினும் விளையாட்டின் விதிப்படி அது முறையான பதிற்பா. அடுத்தவர் நிர்வாகி தென்றல்நம்பி:

இல்லை என்று சொல்லி விரட்டினாள்
இதயம் இல்லாத மருமகள்.

இவ்விடத்திலேயே நான் தடுத்திருக்க வேண்டும் என்று கோவிந்தராஜ் சொல்கிறான். நான் அப்போது குழுவைப் பார்க்கவே இல்லை. என் மருமகள் ரேச்சல் சுட்டுக்கொண்டுவந்து வைத்த சப்பாத்தியை உண்டுகொண்டிருந்தேன். அந்நேரத்தில் ஓசூர் அன்பர் ஒருவர் 'மருமகள் கையில் கரண்டி, மாமனார் முதுகில் தழும்பு' என்று எழுதினார். அவருக்கு அடுத்தவர் 'தழும்பைக் கண்டும் தலைகுனிந்து நிற்கிறான் மகன்' என்றார். அதற்கும் அடுத்தவருக்கு மகன் வெறுமனே நிற்பது போதவில்லை. 'மகனும் ஓங்கினான் கையை' என்றார். ஒவ்வொன்றின் கீழும் கைதட்டல்கள், கண்ணீர் முகங்கள். என் ஆறடிகளில் வாயிலில் நின்ற ஒரு மனிதரைத் தவிர வேறு துயரமே இல்லை. மாலைத் தொடர் முடிவதற்குள் என் கிழவன் பட்டினி கிடந்து, விரட்டப்பட்டு, கரண்டியால் அடிபட்டு, மகன் கையாலும் அடிபட்டுவிட்டான்.

யாரோ அதை ஒன்றாகத் திரட்டி, தலைப்பில் என் பெயரையும் என் புகைப்படத்தையும் சேர்த்து, 'ஒரு மூத்த கவிஞரின் கண்ணீர்க் கதை' என்று பரப்பினார்கள். ஆம்பூர் வரை சென்றது அதுவே.

5

மறுநாள் பிற்பகல் வீட்டு மணி ஒலித்தது. நான் தனியே இருந்தேன். கதவைத் திறந்தால் ஒரு பெண் காவலரும் ஓர் ஆண் காவலரும். முதியோர் உதவி எண்ணுக்குத் தகவல் வந்ததாம், விசாரிக்க வந்திருந்தனர். எதிர் வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அது மீண்டும் மூடியதாக எனக்கு நினைவில்லை.

பெண் காவலர் கன்னடத்தில் கனிவாகக் கேட்டார்: "தாத்தா, ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்பது பொருள். இவ்வூரில் அது வணக்கம் போன்றது. கடைக்காரரும் கேட்பார், தபால்காரரும் கேட்பார். 'ஆய்த்து' என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கலாம். இத்தனை ஆண்டுகளாக நானும் அப்படித்தான் சொல்லி நடந்திருக்கிறேன். அன்று அது விசாரணை. 'ஆய்த்து' என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். என்ன உண்டேன், யார் சமைத்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். இவ்வூர் ரசமாகிய சாரும், சோறும், பீன்ஸ் பொரியலும் என்றேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.

"ஸொஸெ சென்னாகி நோட்கோத்தாரா?"

மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா என்று கேட்கிறார். பார்த்துக்கொள்கிறாள் என்றேன். பயப்படாமல் சொல்லலாம் என்றார். பயப்படவில்லை என்றேன். பயப்படுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருடைய முகம் சொல்லிற்று. அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. கடமையைச் செய்தார்கள், மரியாதையாகச் செய்தார்கள். ஆண் காவலர் என்னை அறைக்குள் அழைத்துச் சென்று, மிகுந்த தயக்கத்தோடு, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டும்படி கேட்டார். தழும்பு என்று தகவலில் இருந்ததாம்.

காட்டினேன்.

நாற்பது ஆண்டு அரசுப் பணியில் என்மீது ஒரு குறிப்பாணை வந்ததில்லை. துணைவியாரையும் மருத்துவர்களையும் தவிர வேறெவரும் கண்டிராத என் முதுகை, ஓர் அந்தாதியின் பொருட்டு, முன்பின் அறியாத ஓர் இளைஞருக்குக் காட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்து நின்றேன்.

நான் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருக்கையில் அருள் உள்ளே வந்தான். 'காவல்துறை, இருவர்' என்று அவனுடைய கைப்பேசிக்கு வாயிலிலிருந்து செய்தி போயிருக்கிறது. கூட்டத்திலிருந்து எழுந்து, அலுவலகத்தின் கீழே கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்திருக்கிறான். என் சட்டையையும் காவலரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா, ஆர் யூ ஓகே? என்ன ஆச்சு?"

"ஒன்றும் இல்லை. ஒரு கவிதை" என்றேன்.

என் வாழ்நாளில் இதைவிட அபத்தமான விடையை நான் எவருக்கும் அளித்ததில்லை. எனக்குக் குறையேதும் இல்லை என்று கன்னடத்தில் எழுதப்பட்ட தாளில் நான் தமிழில் கையெழுத்திட்டேன். காவலர்கள் அருளிடமும் சில கேள்விகள் கேட்டார்கள். அவன் கன்னடத்தில் அழகாக, அமைதியாக விடை சொன்னான். தந்தையை அடிக்கிறீர்களா என்ற கேள்விக்கும் அதே அமைதியோடு சொன்னான். அவன் காதுகள் மட்டும் சிவந்திருந்தன. சிறுவயதில் பள்ளியில் யாரேனும் அவனைத் தவறாகக் குற்றம் சாட்டினாலும் அப்படித்தான் சிவக்கும்.

அன்று முதல் ரேச்சல் எனக்கு உணவு பரிமாறும்போது வாசற்கதவைத் திறந்து வைக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எதிர் வீட்டார் பார்க்கட்டும் என்றுதான். அவள் வாயைத் திறந்து என்னை ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

6

நான் தென்றல்நம்பியை அழைத்தேன். உதவி எண்ணுக்குப் பேசியது தாமே என்று அவர் மறைக்காமல், சொல்லப்போனால் பெருமையோடு, ஒப்புக்கொண்டார். ஆண்டு விழாவுக்குச் சால்வை அனுப்பிய வகையில் என் முகவரி அவரிடம் இருந்திருக்கிறது.

"ஐயா, வருத்தப்படாதீங்க. போலீஸே வந்துருச்சுன்னா பாத்துக்குங்க, உங்க எழுத்துக்கு எவ்ளோ பவர்னு. எங்களுக்கெல்லாம் யாரு வர்றாங்க?"

"மருமகளைக் கொண்டுவந்தது என் எழுத்து அல்ல. உம்முடைய எழுத்து."

"'இல்லை'ன்னு முடிஞ்சிருந்துச்சு ஐயா. 'இல்லை'ன்னு ஆரம்பிச்சா யாராவது இல்லைன்னு சொல்லணும் இல்ல? வீட்ல வேற யாரு இருப்பாங்க, மருமகதானே."

"அவ்வாறு நீரே இட்டுக்கட்டியதை நீரே எப்படி நம்பினீர்?"

"நான் எழுதினத நான் நம்பல ஐயா. மத்தவங்க எழுதினத நம்பினேன்."

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. இனி இத்தகைய குழப்பம் நேராதிருக்க ஒரு விதி கொண்டுவரப் போவதாகச் சொன்னார். குழுவில் இடும் ஒவ்வொரு கவிதையின் மேலும் 'உண்மை' அல்லது 'கற்பனை' என்று குறிப்பிட வேண்டுமாம். முதற்கண் என் அகவலின் மீது நான் 'கற்பனை' என்று எழுதி மறுபடியும் இட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். கூடவே, 'மனம் தொட்ட மாகவி' என்று எனக்கொரு பட்டமும் அணியமாயிருக்கிறதாம். புகைப்படம் மட்டும் தெளிவாக ஒன்று அனுப்ப வேண்டுமாம்.

நான் சொன்னேன்: "ஒரு பாட்டைப் படித்து அது பாட்டு என்று அறிய முடியாதவருக்கு, மேலே ஒட்டிய சீட்டைப் படித்து மட்டும் என்ன விளங்கும்? எழுத்துக்கு வாசகர் வேண்டும். நீங்கள் நடத்துவது கைதட்டும் இயந்திரம். ஒருவரும் என் ஆறடிகளைப் படிக்கவில்லை. படித்திருந்தால் அதில் சோறு எங்கே என்று ஒருவராவது கேட்டிருப்பார்."

"ஐயா ரொம்ப டென்ஷனா இருக்கீங்க. அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்து மல்லிகா அம்மாளை அழைத்தேன். அவரையும் கடிந்துகொள்ளத்தான் அழைத்தேன். நான் தொடங்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"சார், எனக்குப் பேசறதுக்கே மூஞ்சி இல்ல. 'தாமே'ன்னு முடிச்சிருந்தீங்க. தாமேன்னு எடுத்தா அப்புறம் என்ன போடறதுன்னு தெரியல. அடுப்புல குக்கர் விசில் அடிச்சிக்கினு இருந்துச்சு, உண்றதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, போட்டுட்டேன். சத்தியமா அவ்ளோதான் சார்."

"பிறகு?"

"பிறகு ஒவ்வொருத்தரா எழுதறாங்க. அடின்னு வருது, தழும்புன்னு வருது. இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் உங்க நிலைமை தெரியலன்னு நெனச்சேன். பயந்துட்டேன். நான்தான் நம்பி சாருக்குப் போன் போட்டு, அந்தப் பெரியவர ஏதாச்சும் பண்ணிக் காப்பாத்துங்க சார்னு அழுதேன்."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கவிதைல வாசல்ல நின்னுட்டுப் போனாரே, அவரு அப்புறம் திரும்ப வந்தாரா?"

அந்தக் குழுவில் என் பாட்டைப் படித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

7

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலிருந்து திரும்பியபின் அருள் கைப்பேசியை என் முன்னே வைத்தான். என் அகவலை இயந்திரத்தில் இட்டு மொழிபெயர்த்திருந்தான். ஒரு பொருளும் இல்லாத ஆங்கிலம் அது.

"நீங்களே படிங்கப்பா. படிச்சு அர்த்தம் சொல்லுங்க."

படித்தேன். அடியடியாகப் பொருள் சொன்னேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான். நான் எழுதிய ஒன்றை என் மகன் முழுவதும் கேட்டது அதுவே முதன்முறை.

"இதுல அடி இல்ல. பட்டினி இல்ல."

"இல்லை."

"ரேச்சல் இல்ல."

"எங்கும் இல்லை. இது சி பிளாக் பெரியவரைப் பற்றியது" என்று அந்த நிகழ்ச்சியைச் சொன்னேன்.

அவன் தலையசைத்தான். பிறகு மேசையைப் பார்த்தபடியே, "ரெண்டு மாசம் முன்னால பாஸ்டர் உங்களப் பாக்க வந்தாரு. எனக்கு ரிக்வெஸ்ட் வந்துச்சு. மீட்டிங்ல இருந்தேன், பாக்கல. அப்புறம் பாத்தா எக்ஸ்பயர்டுன்னு இருந்துச்சு. நீங்க அதப்பத்தி சொல்லவே இல்ல" என்றான்.

"சொல்லும் அளவுக்கு அது பெரிய காரியம் அல்ல."

"கவிதை எழுதற அளவுக்குப் பெருசா இருந்துச்சு இல்லப்பா?"

அவன் குரலில் ஏளனம் இல்லை. பதினோர் மாடி என்று நான் எழுதியிருந்ததை அவன் கேட்டிருந்தான்; சி பிளாக்கில் ஒன்பது மாடிகள்தாம். ஸ்டீபன் இருந்திருந்தால் அவரும் அந்த இடத்தில்தான் விரலை வைத்திருப்பார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

அவன் என் கைப்பேசியை எடுத்தான். ஏதோ தட்டினான். எண் ஒன்று வந்தது. அதைத் தன் கைப்பேசியில் பதிந்தான். "இனிமே உங்களப் பாக்க வர்றவங்க ரிக்வெஸ்ட் உங்களுக்கே வரும். பச்சை அனுமதி, சிவப்பு மறுப்பு" என்றான்.

"இது இப்போதுதான் வந்த வசதியா?"

"இல்லப்பா. மொதல்ல இருந்தே இருந்துச்சு." எழுந்து போகுமுன் சொன்னான்: "எனக்குத் தோணல."

என் மகன் என்னைப் பட்டினி போட்டதாகப் பாடியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அவனிடம் ஒரு குறை இருந்தது. அதை ஆறடிகளில் துல்லியமாகச் சொல்லியிருந்தேன். அதை விட்டுவிட்டு, அவனிடம் இல்லாத குறைகளை எல்லாம் ஊர் ஊராகப் பரப்பினீர்கள். அவன் அதைக் கேட்டதும் திருத்திக்கொண்டான். நீங்கள் இன்னும் அந்தத் திரட்டை அழிக்கவில்லை. என் சினம் தணிந்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம்.

சென்ற சனிக்கிழமை மாலை என் கைப்பேசி, அதுவரை நான் கேட்டிராத ஓர் ஒலியை எழுப்பியது. வாயிலில் இருவர். முதற்பெயர் தென்றல்நம்பி, புனைபெயரையே காவலாளியிடம் கொடுத்திருக்கிறார். அடுத்தது மல்லிகா. பலகணிக்குச் சென்று கீழே பார்த்தேன். நம்பியின் கையில் பொன்னிறக் காகிதம் சுற்றிய சட்டம் ஒன்று வெயிலில் மின்னியது. பட்டத்தைச் சட்டமிட்டுக் கொண்டுவந்துவிட்டார். மல்லிகா அம்மாளின் கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே பச்சையும் சிவப்பும் இருந்தன. வங்கிப் படிவத்தைப் படிப்பதுபோல் இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, மேற்பெயருக்குச் சிவப்பையும் கீழ்ப்பெயருக்குப் பச்சையையும் அழுத்தினேன்.

மல்லிகா அம்மாள் மேலே வந்து, செருப்பை வெளியே ஒழுங்காக விட்டு, தூக்கை ரேச்சலிடம் கொடுத்தார். கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும். ரேச்சலின் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். ரேச்சல் முதன்முறையாக அழுதாள். பிறகு வாசற்கதவைச் சாத்தினாள்.

"நம்பி சார் கீழயே நிக்கிறாரு சார்" என்றார் மல்லிகா அம்மாள். "ஷீல்டு வெச்சிக்கினு நிக்கிறாரு."

"நிற்கட்டும்" என்றேன்.

கோவிந்தராஜுக்கும், அவனைப் போல் ஐயம் கொண்டுள்ள மற்ற நண்பர்களுக்கும் இறுதியாக ஒன்று. உங்கள் மேல் அறை எனக்கு வேண்டாம். நீங்கள் இங்கே வாருங்கள். என் முதுகைத் தவிர இவ்வீட்டில் நீங்கள் விரும்பியதை எல்லாம் திறந்து பார்க்கலாம். வாயிலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு நில்லுங்கள். விடைதருவது என் கைப்பேசியே.